மறைந்த ஐடா கார்வெல்

ஹார்லன் ஃபால்ஸ், நியூயார்க் மாநிலம்
14 மே 1995

அன்புள்ள திருமதி புனிதவதி தியாகலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் வேதவல்லி, சொந்த ஊர் மன்னார்குடி. கணவர் செந்தில்நாதன் இங்கே ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். இந்த ஊரில் தமிழ் பேச எங்களைத் தவிர ஆள் கிடையாது. முருங்கைக்காயும் கிடையாது. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி டொராண்டோ வந்து, அஜின்கோர்ட் கடைகளில் டிக்கி நிறைய வாங்கிக்கொண்டு திரும்புவோம். போன முறை கல்லாப் பக்கத்தில் "இடைவழி" என்ற இதழ் இலவசமாக அடுக்கி வைத்திருந்தது. அவர் வண்டி ஓட்ட, நான் வழியெல்லாம் அதைப் படித்துக்கொண்டு வந்தேன்.

அதில் நீங்கள் எழுதிய கட்டுரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "மறைந்த அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஐடா கார்வெல்" என்று தலைப்பு. கறுப்புக் கட்டம் போட்டு, படத்துக்கு மாலை சாத்தி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வரைந்திருக்கிறீர்கள். கூடவே நீங்கள் மொழிபெயர்த்த "வாசல் விளக்கு" கதையையும் படித்தேன். படித்துவிட்டு நயாகரா பாலம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் வருவது அதிசயம் என்பதால் உடம்புக்கு என்ன என்று அவர் இரண்டு தரம் கேட்டார்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அந்த அம்மா சாகவில்லை. எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். போன வெள்ளிக்கிழமை கடையில் எனக்கு முன்னால் நின்று தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் பெயர் ஒற்றுமையோ என்று சந்தேகப்பட்டு இங்கே நூலகத்தில் வேலை பார்க்கிற பெண்ணிடம் கேட்டேன். "ஐடாவா? பள்ளிக்கூட பஸ் ஆபீசில் இருந்தாங்களே, அவங்களா கதை எழுதினாங்க?" என்று அந்தப் பெண் என்னைத் திருப்பிக் கேட்டாள். தேடி எடுத்துக் கொடுத்த பழைய புத்தகத்தின் பின்னட்டையில் நீங்கள் மாலை போட்ட அதே படம் இருந்தது.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. இவ்வளவு நல்ல கதையை எழுதியவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்பதே உங்களால்தான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டுமில்லையா.

இப்படிக்கு,
வேதவல்லி செந்தில்நாதன்


சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
29 மே 1995

அன்பின் வேதவல்லி அவர்கட்கு,

இதழை நடத்துகிற சீமோன் உங்கள் கடிதத்தை நேரே என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். லிஃப்ற் வேலை செய்யவில்லை; பதினோராம் மாடிவரை ஏறி வந்தவர். நான் வாசித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "அக்கா, மாலை போட்டது நான்தான். நீங்கள் மறைந்த எண்டு மட்டும்தான் எழுதினனீங்கள்" என்றார். பாவம், என் பிழையில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார்.

நடந்தது இதுதான். இங்கே பார்லிமென்ற் வீதியில் ஒரு பழைய புத்தகக் கடைக்கு வெளியே இருந்த பெட்டியில் அவருடைய புத்தகத்தைக் கண்டெடுத்தேன். நான் கனடாவுக்கு வந்த முதல் மாரிகாலம் அது, வெளியே ஒரே பனி. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இங்கே பேக்கரித் தொழிற்சாலையில் மஃபின் அடுக்குகிறேன். வேலைக்குப் போகிற ஸ்ரீற்கார் ட்ராமிலும் பஸ்ஸிலும் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினேன். 1958க்குப் பிறகு அவருடைய பெயரை எங்கேயும் காணவில்லை. பதிப்பகத்துக்கு எழுதினேன், அப்படி ஒரு கம்பெனி இல்லை என்று உறை திரும்பி வந்தது. எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, வேதவல்லி. ஒருவரிடமிருந்து வருஷக்கணக்காகச் சத்தமில்லை என்றால் மேலே கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதே பழக்கத்தில் ஒரு அமெரிக்கப் பெண்ணையும் சாகடித்துவிட்டேன்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபம் எடுத்து நினைவுக் கூட்டமும் வைத்தோம். ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். நான் உரையாற்றினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். வடை மிஞ்சவில்லை.

பன்னிரண்டு கதைகளைச் சென்னையில் ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போடச் சம்மதித்திருக்கிறது. வாரிசின் அனுமதி வேண்டும் என்றார்கள். வாரிசைத் தேடிக்கொண்டிருந்தேன், ஆளே இருக்கிறார். நான் நேரே வந்து கேட்க வேண்டியவள். என்னுடைய இமிகிரேஷன் கேஸ் இன்னும் முடியவில்லை. எல்லையைத் தாண்டினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். எனக்காக நீங்கள் போய்க் கேட்பீர்களா? முதலில் நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு மன்னிப்பு. அதற்குப் பிறகு அனுமதி. இந்த ஒழுங்கிலேயே கேளுங்கள்.

அன்புடன்,
புனிதவதி


ஹார்லன் ஃபால்ஸ்
20 ஜூன் 1995

அன்புள்ள அக்கா,

அக்கா என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே. போய் வந்துவிட்டேன். அனுமதி கிடைத்துவிட்டது. பன்னிரண்டும் உங்களுக்கே. பணம் ஒன்றும் வேண்டாமாம், ஒரு புத்தகம் அனுப்பினால் போதுமாம்.

கொஞ்சம் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பு வலியால் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நடக்கிறார். என்னைப் பார்த்ததும் ஏதோ சாமி பற்றிப் பிரசங்கம் செய்ய வந்த ஆள் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கதவைச் சாத்தப் பார்த்தார். இதழை நீட்டினேன். கதவு அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே ஆரம்பித்தேன் அக்கா, சத்தியமாக. ஆனால் அவர் என்னைப் பேச விடவில்லை. எழுத்தையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். தன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். மாலையைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார். எங்கள் ஊரில் மதிக்கிறவர்களுக்கு மாலை போடுவோம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பாருங்கள், அது பொய்யில்லை. விளக்கு எதற்கு என்றார். நல்ல காரியத்துக்கெல்லாம் விளக்கு ஏற்றுவோம் என்றேன். அதுவும் பொய்யில்லை. கறுப்புக் கட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"எழுபத்தேழு வயசுல எனக்கு முதல் மாலை" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அதற்கப்புறம், அம்மா, நீங்கள் செத்துவிட்டதாக அதில் போட்டிருக்கிறது என்று சொல்ல எந்த வாய்க்கு மனசு வரும்? கேசரி நன்றாக இருந்ததாம். செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
வேதவல்லி


சென் ஜேம்ஸ் ரவுண்
5 யூலை 1995

அன்பின் வேதவல்லி,

உங்கள் நல்ல மனம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இந்த அனுமதியை நான் எடுக்க மாட்டேன். அவர் சம்மதம் சொன்னது உயிரோடு இருக்கிற தன்னைக் கௌரவித்த யாரோ ஒருத்திக்கு. நான் அந்த ஆள் இல்லை. நான் அவருக்குக் கறுப்புக் கட்டம் போட்டவள். இதைத் தெரிந்துகொண்டு அவர் சம்மதித்தால் புத்தகம் வரும், இல்லையென்றால் வராது.

சீமோன் உங்கள் பக்கம் கதைக்கிறார். "விடுங்கோ அக்கா, அந்த மனிசி சந்தோஷமா இருக்குது, நீங்கள் ஏன் போய்க் குழப்புறியள்?" என்கிறார். நான் அவரோடும் கதையைக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். இரண்டாவது புத்தகத்துக்குப் பிறகு அவர் ஏன் எழுதவில்லை என்று கேட்டுச் சொல்லுங்கள். துயரம் தாங்காமல் பேனையை வைத்துவிட்டார் என்று கூட்டத்தில் பேசினேன். அது எனக்குத் தெரியாத விஷயம். தெரிந்தமாதிரிப் பேசிவிட்டேன்.

புனிதவதி


ஹார்லன் ஃபால்ஸ்
2 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்கா,

கேட்டேன். துயரம் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். அப்பா பால் வண்டி ஓட்டியவர். இருபத்திரண்டு வயதில் நியூயார்க் நகரத்துக்குப் போய் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனார். எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு ஆபீஸ் மிஷினிலேயே கதைகளைத் தட்டுவாராம். ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அவரைப் பிடித்துப்போய், எழுதியதையெல்லாம் போட்டார். இரண்டு தொகுப்பு வந்தது. ஒரு பரிசு வந்தது. மேடையில் அவர் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டார்களாம். பிறகு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் மருந்துக்கடை வைத்திருந்த வால்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். இதற்குள் அந்த ஆசிரியர் இறந்து, புதிதாக வந்தவர் இரண்டு கதைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அதனாலதான் நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லையாம். "ஒரு நாள் எழுதல. மறுநாளும் எழுதல. அவ்வளவுதான். பள்ளிக்கூட பஸ் ஆபீஸ்ல சேர்ந்தேன், பனி கொட்டற காலைல எந்த பஸ் எந்த மேட்டுல ஏறும், எது ஏறாதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். அது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார். வால்டர் போய்ப் பதினான்கு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை.

உண்மையை இன்னும் சொல்லவில்லை. திட்டாதீர்கள். எனக்கும் பிள்ளைகள் இல்லை அக்கா. செந்தில்நாதன் தங்கமான மனிதர், ஆனால் பம்பைப் பற்றிப் பேசாத நேரத்தில் வாயே திறக்க மாட்டார். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் உள்ளே வா என்று என்னைக் கூப்பிட்ட ஒரே கதவு ஐடாவுடையது. செவ்வாய்க்கிழமைதோறும் அவருடைய வீட்டு அடுப்பில் ரசம் வைத்துக் கொடுக்கிறேன், குடித்துவிட்டுத் தும்முகிறார். இதைப் போய்க் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களே.

வேதவல்லி


சென் ஜேம்ஸ் ரவுண்
21 ஓகஸ்ட் 1995

அன்பின் வேதவல்லி,

பஸ் ஓடுகிற ஒழுங்கு பிடித்துப்போய் எழுத்தை விட்டார் என்பதை வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. "வாசல் விளக்கு" எழுதிய ஆள் எப்படி அதோடு நிற்கலாம்?

அந்தக் கதை எனக்கு ஏன் முக்கியம் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வேலை தேடிப் பக்கத்து ஊருக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. பெண்சாதி ஒவ்வொரு பின்னேரமும் வாசல் விளக்கைப் போட்டு வைக்கிறாள். வருஷங்கள் போகின்றன. ஊர் அவளுக்கு விசர் என்கிறது. கடைசியில் ஒருநாள் பல்ப் எரிந்துபோகிறது; அவள் நாற்காலியில் ஏறி நின்று புதுப் பல்ப் போடுகிறாள். அவ்வளவுதான் கதை.

தொண்ணூறாம் ஆண்டு என் கணவர் தியாகலிங்கம் வவுனியா போகிற பஸ்ஸில் ஏறினார். வழியில் பஸ்ஸை மறித்தார்கள். சிலரை இறக்கினார்கள். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள், அவர் வரவில்லை. இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. நான் பொட்டு வைத்திருக்கிறேன், தாலி போட்டிருக்கிறேன். இந்தக் கட்டிடத்தில் வாசல் விளக்கு கிடையாது. நடையில் எரிகிற விளக்கைப் போடவும் அணைக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை. ஆனாலும் அந்தக் கதையின் கடைசிப் பந்தியை வாசித்தபோது, நான் செய்வது விசர் வேலை இல்லை என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று இருந்தது. அந்தப் பந்தியைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே நான்கு மாரியைக் கடத்தினேன்.

அப்படிப்பட்டவரை ஏமாற்றிப் புத்தகம் போட என்னால் முடியாது. புரட்டாதி முடியுமுன் நீங்கள் சொல்லாவிட்டால் நானே அவருக்கு ஆங்கிலத்தில் எழுதுவேன்.

புனிதவதி


ஹார்லன் ஃபால்ஸ்
10 செப்டம்பர் 1995

புனிதவதி அக்காவுக்கு,

எழுதுங்கள். உங்கள் கையை நான் பிடிக்க முடியுமா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். முப்பத்தேழு வருஷமாகப் பேச்சில்லை என்று, முகம் தெரியாத ஒருத்தரைச் செத்தவர் என்று எழுதி, மாலை போட்டு, கூட்டமும் போட்டுவிட்டீர்கள். ஒரு போன் போட்டு விசாரிக்கத் தோன்றவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து ஐந்து வருஷமாகப் பேச்சில்லை. அவருக்கு மட்டும் வேறு கணக்கா? உங்களுக்கு எது வசதியோ அதுதான் உண்மை போலிருக்கிறது. ஐடா செத்தவராக இருந்தால் உங்கள் கட்டுரைக்கு வசதி. உயிரோடு இருந்தால் எனக்கு வசதி. நான் என் வசதியைப் பார்த்ததில் என்ன தப்பு?

வேதவல்லி


ஹார்லன் ஃபால்ஸ்
4 டிசம்பர் 1995

அன்புள்ள அக்கா,

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் பாதி வழியிலேயே திரும்பிப் போய் அந்தப் பெட்டி முன்னால் நின்றேன். தபால் பெட்டியை உடைத்தா எடுக்க முடியும். உங்களிடமிருந்து பதில் வராதது நியாயம்தான். அப்படி ஒரு வார்த்தையை நான் எழுதியிருக்கக் கூடாது. உங்கள் துயரத்தை எடுத்து உங்களையே அடித்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் ஐடாவுக்கு எழுதிய கடிதம் அக்டோபரில் வந்தது. செவ்வாய்க்கிழமை போனபோது மேஜையில் பிரித்து வைத்திருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் கூட்டத்தில் பேசிய பேச்சை, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தீர்களே, அதை முழுக்கச் சத்தமாகப் படித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். படித்து முடித்து, "நீ எங்கிட்ட பொய் சொல்லியிருக்கே" என்றார். ஆமாம் என்றேன். "ஏன்?" என்றார். செவ்வாய்க்கிழமைக்காக என்றேன். கடிதத்தை மடித்து உறையில் வைத்துவிட்டு, ரசம் வைக்கப் போகிறாயா இல்லையா என்று கேட்டார்.

உங்கள் மேல் கோபமில்லையாம். தன்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகப் பேசியதில்லை என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை அக்கா. மறுவாரம் போனால் வால்டருடைய பழைய டைப்ரைட்டர் சமையலறை மேஜைக்கு வந்திருக்கிறது. தான் உயிரோடு இருப்பது தெரிந்துவிட்டதால் கதைகளைத் திருத்துகிற உரிமை தனக்கு உண்டாம். பன்னிரண்டில் பதினொன்றில் கை வைக்கவில்லை. "வாசல் விளக்கு" முடிவை மட்டும் மாற்றிவிட்டார். பிரதி இத்துடன் இருக்கிறது.

புது முடிவில் பல்ப் எரிந்துபோனதும் அவள் நாற்காலியைக் கொண்டுவந்து போடுகிறாள். ஆனால் ஏறவில்லை. அதில் உட்காருகிறாள். கொஞ்ச நேரம் இருட்டில் தெருவைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிடுகிறாள்.

ஏன் மாற்றினீர்கள் என்று சண்டைக்கே போனேன். "அதை எழுதும்போது எனக்கு முப்பத்தொரு வயசு. யாருக்காகவும் காத்துக்கிட்டு இருந்ததில்ல. பார்க்க அழகா இருக்கும்னு அவளை நாற்காலில ஏத்திட்டேன். நாற்பத்தாறு வருஷமா ஒரு பொம்பளை அங்கேயே நிக்கறா. இறக்கி விடணும்" என்றார். புது முடிவோடு போடுவதானால் அனுமதி உண்டு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார்.

என்ன செய்யப்போகிறீர்கள்?

வேதவல்லி


சென் ஜேம்ஸ் ரவுண்
11 தை 1996

அன்பின் வேதவல்லி,

உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இருந்தது. நீங்கள் கேட்டதை நானே என்னிடம் கேட்காமல் இருந்ததால்தான் அவ்வளவு நொந்தது. முகம் தெரியாதவரைச் சாகவிடுவது லேசு.

மார்கழிக் கடைசியில், நத்தார் லீவில் என் கணவரின் தம்பி கஜீவன் பெண்சாதியோடு அஜின்கோர்ட்டிலிருந்து வந்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் வருகிறவர், ஒவ்வொரு வருஷமும் ஒரே கதை. "அண்ணி, அஞ்சு வருஷம் தாண்டிட்டுது. அண்ணைக்கு ஒரு கிரியை செய்து முடிப்பம். ஐயரோடயும் கதைச்சிட்டன். நாங்களும் எத்தினை நாளைக்கு இப்பிடியே இருக்கிறது?" என்றார். நல்ல பிள்ளை. அழுதுகொண்டுதான் சொன்னார். அவருக்கும் அது தமையன். நான் தேத்தண்ணி கொடுத்து, இன்னும் கொஞ்சம் பொறுப்பம் தம்பி என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் போனபிறகுதான் உங்கள் கடிதத்தை எடுத்து, ஐடாவின் புது முடிவை வாசித்தேன்.

நல்லாய் எழுதியிருக்கிறார். பழையதைவிட நல்லது என்றுகூடச் சொல்லலாம். அதனால்தான் என்னால் முடியவில்லை. எல்லாரும் என்னை இறங்கச் சொல்கிறார்கள். கஜீவன் சொல்கிறார், கோயில் ஐயர் சொல்கிறார், இப்போது ஐடாவும். ஏறி நிற்கச் சொல்லித் தந்தவரே இறங்கு என்றால் நான் யாரிடம் போவது? பேனையை எடுத்து ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள் என்று எழுதக் கை வரவில்லை.

அந்தக் கதையை விட்டுப் பதினொரு கதையாகப் போடலாம் என்கிறார் சீமோன். அது இல்லாத புத்தகம் எனக்கு வேண்டாம். அவருடைய கதை, அவருடைய உரிமை. பிழையில்லை. புத்தகம் வராது என்று சென்னைக்கு எழுதப்போகிறேன். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
புனிதவதி


ஹார்லன் ஃபால்ஸ்
3 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்கா,

சென்னைக்கு எழுதாதீர்கள். எழுதியிருந்தால் உடனே தந்தி அடித்து நிறுத்துங்கள்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நான் அப்படித்தான், உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஐடாவுக்கு அதுவரை நான் சொன்னதில்லை. நீங்களும் உங்கள் ஆங்கிலக் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. கௌரவம் பார்த்திருப்பீர்கள். புத்தகம் வராது என்றதும், "என் முடிவு அவளுக்கு அவ்வளவு பிடிக்கலையா?" என்று கேட்டு முகம் வாடிவிட்டார். எழுத்தாளர் இல்லையா. எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸை மறித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை பொய் கலக்கவில்லை.

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டேன், அவர் திரும்பவில்லை. கிளம்பும்போதுதான் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"நான் அதைக் கற்பனைதான் பண்ணினேன். அவ அதைச் செஞ்சுக்கிட்டு இருக்கா. அப்போ அந்த முடிவு அவளோடது. அவ எங்கிட்ட அனுமதி கேக்க வேண்டியதில்ல, நான்தான் அவகிட்ட கேட்டிருக்கணும்."

பழைய முடிவோடு போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இருக்கிறது. ஆனால் இரண்டாம் பதிப்பு வரும்போது தன்னுடைய புது முடிவைத்தான் போட வேண்டுமாம். அதில் விட்டுக்கொடுக்க மாட்டாராம். நானும் எவ்வளவோ பேசிப் பார்த்தேன், மசியவில்லை.

உங்கள்,
வேதவல்லி


சென் ஜேம்ஸ் ரவுண்
17 நவம்பர் 1996

அன்பின் தங்கச்சிக்கு,

சென்னையிலிருந்து பெட்டி வந்துவிட்டது. ஐடாவுக்கு இரண்டு பிரதியும் உங்களுக்கு ஒன்றும் தனியாக அனுப்பியிருக்கிறேன். அட்டையில் அவருடைய இப்போதைய படம், நீங்கள் ஊன்றுகோலோடு எடுத்து அனுப்பியது. முன்னுரையில், ஆசிரியர் ஹார்லன் ஃபால்ஸில் வசிக்கிறார் என்று முதல் வரியிலேயே போடச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை அஜின்கோர்ட்டில் வெளியீடு நடந்தது. போன வருஷம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியவர்களில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சீமோன் மேடையில் அறிவித்ததும் கைதட்டினார்கள். கஜீவன் முன் வரிசையில் இருந்தார். "வாசல் விளக்கு" கடைசிப் பந்தியை நான் வாசித்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டுப் பிறகு வந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்போது, "சரி அண்ணி, நான் இனிக் கேக்கமாட்டன். நீங்களாச் சொல்லுங்கோ" என்றார்.

ஐடாவின் புது முடிவையும் மொழிபெயர்த்துவிட்டேன். போன மாதம், வேலைக்குப் போகிற ஸ்ரீற்காரில், ஒரே ஓட்டத்தில் வந்தது. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் கை மறுக்கவில்லை. சென்னைக்கு அனுப்பவில்லை, என்னிடம் இருக்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன், இரண்டாம் பதிப்பில் அதுதான் வரும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

முதற்பதிப்பு ஐந்நூறு பிரதி அடித்திருக்கிறார்கள். தமிழில் ஒரு சிறுகதைப் புத்தகம் ஐந்நூறு விற்றுமுடிய எத்தனை வருஷம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதுவரை அவரை இருக்கச் சொல்லுங்கள். எனக்கும் அவ்வளவு காலம் வேண்டும்.

அன்புடன்,
புனிதவதி தியாகலிங்கம்